பயில்வான் மாவு

எங்கள் அண்ணி எதையும் முதலில் மோந்து பார்ப்பாள். பிறகு விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைப்பாள். இடது கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள். அப்புறம் கண்ணைத் திறந்து, "இதுல இன்னா பெருசா இருக்குது? நம்ம வூட்லயே செஞ்சிடலாமே" என்பாள். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்துவிட்டால், அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு வேறு எதற்கும் கிடைக்காது.

கல்யாணமாகிக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாளே இதைச் சொல்லிவிட்டாள். புது மருமகளுக்கென்று ஆசையாக வாங்கி வைத்திருந்த வாசனைச் சோப்பை அம்மா அவள் கையில் கொடுத்துக் குளிக்கச் சொன்னாள். அண்ணி குளிக்கப் போகாமல் கிணற்றடியில் நின்றுகொண்டு அதை மோந்தாள், நகத்தால் சுரண்டினாள், நாக்கில் வைத்தாள். புது மருமகள் சோப்பைத் தின்கிறாள் என்று நான் உள்ளே ஓடிவந்து சொன்னேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வாலாஜாபாத்தில் பெண் எடுக்க வேண்டாம் என்று தான் அப்போதே சொன்னதாக நைனாவிடம் சண்டைக்குப் போனாள்.

அந்தச் சோப்பை அவள் செய்யாமல் விடவில்லை. எண்ணெயும் சோடாக் காரமும் எங்கிருந்தோ வந்தன. மூன்று நாள் கிளறி, பலகையில் ஊற்றி, ஆறவைத்துக் கத்தியால் வில்லை வில்லையாக வெட்டினாள். பார்வைக்குச் சோப்பு மாதிரிதான் இருந்தது. நுரை மட்டும் வரவில்லை. முதலில் தேய்த்துக்கொண்ட நைனாவின் முதுகு பழுத்த மிளகாய் நிறத்துக்கு வந்துவிட்டது. "அழுக்கு போச்சுதா இல்லியா மாமா, அதச் சொல்லுங்க" என்று கேட்டாள் அண்ணி. நைனா நேர்மையான மனிதர். அழுக்கும் போய்விட்டது, தோலும் போய்விட்டது என்றார்.

நான்தான் அவளுக்கு அதிகம் மாட்டிக்கொண்டவள். எனக்கு அப்போது கல்யாணமாகவில்லை. வீட்டில் தறிக்குத் தார், அதாவது குச்சியில் ஊடை நூல், சுற்றிக்கொண்டிருந்தேன். முகத்துக்கு ஸ்னோ பூசிக்கொள்ள வேண்டும் என்று ஆசை வந்து, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஒரு பொட்டு வாங்கி வந்தேன். அண்ணி அதை மோந்தாள். அவ்வளவுதான், என் ஆசையில் மண் விழுந்தது. மெழுகுவத்தியை உருக்கி, பன்னீரும் தேங்காய் எண்ணெயும் சேர்த்து அவள் செய்த ஸ்னோவைப் பூசிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பந்தலில் யாரோ ஒரு வேடிக்கை சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க வரவில்லை, முகம் இறுகிப் போயிருந்தது. பெண் ரொம்ப அடக்கமானவள் என்று அன்றைக்குப் பேரெடுத்தேன். என்னைப் பிற்பாடு பெண் கேட்டு வந்தவர்களில் ஒருவர் அந்த அடக்கத்தைப் பற்றியே பேசினார் என்றால் பாருங்கள்.

ஆனால் பாதிக்குப் பாதி பலித்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவள் இடித்த பல்பொடியைத் தெருவே வாங்கிப் போயிற்று. தலைவலித் தைலம் ஒன்று செய்தாள். தடவினால் கண்ணில் நீர் கொட்டும், ஆனால் தலைவலி ஓடிப்போகும். கருட சேவைக் கூட்டத்தில் ஒரு சர்பத் வண்டிக்காரன் அவளைக் கண்டாலே வண்டியைத் தள்ளிக்கொண்டு வேறு தெருவுக்குப் போய்விடுவான். முந்தின வருஷம் அவன் பாட்டில்கள் ஒவ்வொன்றையும் மோந்து பார்த்து, எதில் என்ன இருக்கிறது என்று சுற்றி நின்ற கூட்டத்துக்கே சத்தமாகச் சொல்லிவிட்டாள்.

கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். அண்ணிக்குக் கை தாராளம். அவள் செய்கிற பொருளுக்குக் கடைப் பொருளைவிடச் செலவு கூடத்தான் ஆகும். ஒருநாள் தார் சுற்றிக்கொண்டே கேட்டேன், ஏன் அண்ணி இந்தப் பாடு, கடையில் வாங்கிவிட்டுப் போகலாமே என்று.

"துட்டுக்காகவா செய்யறேன்? உள்ள இன்னா இருக்குதுன்னு நமக்குத் தெரியக் கூடாதுன்னு ஒருத்தன் மூடி போட்டு வெச்சிருக்கான் பாரு, அதாம்மா எனக்குப் பொறுக்க மாட்டேங்குது" என்றாள்.

இப்படிப்பட்டவளுக்குப் புருஷனாக வந்து வாய்த்தது எங்கள் அண்ணன். அவனுக்கு மூடி போட்ட டப்பாதான் கடவுள்.

அண்ணன் பகலெல்லாம் தறியில் உட்காருவான். சாயங்காலம் குளத்தங்கரை தேகப்பயிற்சிச் சாலைக்குப் போய்விடுவான். அத்தர் வியாபாரம் செய்த ஒரு பாய் அதை நடத்தினார். கீற்றுக் கொட்டகை, ஒரு நிலைக்கண்ணாடி, கர்லாக்கட்டைகள், இரும்புக் குண்டுகள், அவ்வளவுதான். அண்ணன் அங்கே தண்டாலும் பஸ்கியும் எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து எங்கள் ரசம் போன சின்னக் கண்ணாடியில் உடம்பைத் துண்டு துண்டாகப் பார்ப்பான். முதலில் ஒரு தோள், பிறகு இன்னொரு தோள். ஊரில் ஆணழகன் போட்டி நடத்தப் போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும் அவனுக்குத் தூக்கமே போய்விட்டது.

மெட்ராஸில் கப்பல்காரர்களிடம் வாங்கி விற்கிற ஒருவன் மூலம் அந்த டப்பா வந்தது. சிவப்பு டப்பா. மேலே ஒரு வெள்ளைக்காரன் படம். அவன் கை நம் ஊர்க்காரர்கள் தொடை அளவு இருக்கும். உள்ளே வெள்ளைத் தூள், அதில் புதைத்து ஒரு சின்னக் கரண்டி. அண்ணன் அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தான். ஆயுத பூஜையன்று தறிக்கும் அதற்கும் சேர்த்தே சந்தனம் வைத்தான். தினமும் பயிற்சி முடிந்து வந்ததும் குளித்துவிட்டு, ஒரே ஒரு கரண்டி தூளைப் பாலில் போட்டு, சொம்பை ஆட்டி ஆட்டிக் கரைத்துக் குடிப்பான். குடித்த கையோடு புஜத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான், வளர்ந்துவிட்டதா என்று.

அண்ணி சும்மா இருப்பாளா? அவன் தறியில் இருந்த நேரத்தில் டப்பாவைத் திறந்தாள். மோந்தாள். நாக்கில் வைத்தாள். இடது கண்ணை மூடினாள். இந்தத் தடவை ரொம்ப நேரம் மூடிக்கொண்டிருந்தாள். எனக்கே பயமாகிவிட்டது.

"பாலு" என்றாள் கடைசியில். "பாலக் காயவெச்சித் தூளாக்கிக்கிறான். சக்கர போட்டுக்கிறான். மணத்துக்கு இன்னாத்தயோ சேத்துக்கிறான். வேற ஒண்ணும் இல்லம்மா."

ராத்திரி சோறு போடும்போது அண்ணனிடமே சொன்னாள். "இன்னாங்க, அந்தத் தூள நம்ம வூட்லயே செஞ்சிடலாங்க. அதவிட ஒஸ்தியாவே செய்யலாம்."

அண்ணன் சோற்றுக் கையோடு நிமிர்ந்தான். "உன் சோப்பப் பாத்தேன், இவ ஸ்னோவப் பாத்தேன். என் உடம்பு மேல மட்டும் கைய வெக்காத தாயே. அது சயின்ஸு."

சயின்ஸு என்று சொன்னதுதான் அவன் செய்த தப்பு. மறுநாள் காலை அண்ணி பால்காரனிடம் வழக்கத்தைவிட நான்கு மடங்கு பால் வாங்கினாள்.

பாலைச் சுண்டக் காய்ச்சிக் கோவாவாக்கி, தட்டில் மெல்லியதாகத் தட்டி, மொட்டைமாடியில் காயப்போட்டாள். என்னைக் காவலுக்கு வைத்தாள். எங்கள் தெருக் காக்கைகளுக்கு இப்படி ஒரு பண்டம் அதற்கு முன்னால் கிடைத்ததில்லை. முதல் நாள் ஏழெட்டு வந்தன, அடுத்த நாள் பெரிய காஞ்சிபுரத்துக் காக்கைகளெல்லாம் வந்துவிட்டன. நான் ஒரு கையால் குச்சியை வீசிக்கொண்டு மறு கையால் தட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மாடியில் வட்டமாக ஓடினேன். நைனா கீழே இருந்து பார்த்துவிட்டு, பயில்வான் வீட்டில் இல்லை, மாடியில்தான் இருக்கிறான் என்றார். அந்தக் காக்கைகள் அடுத்த சில மாதங்களில் அசாத்தியமாகப் பருத்துவிட்டன என்பது என் அபிப்பிராயம். வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

காக்கைக்குத் தப்பிய கோவா கல்லாகக் காய்ந்தது. அதை இடித்துச் சலித்தாள். முளைகட்டிக் காயவைத்த கேழ்வரகு, கோதுமை, வேர்க்கடலை, உடைத்த கடலை எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்தாள். எதை எந்த நிறத்தில் இறக்க வேண்டும் என்று அடுப்பிடம் பேசிக்கொண்டே வறுத்தாள். ஏலக்காயும் சுக்கும் சேர்த்து ஏந்திரத்தில் போட்டுத் திரித்தாள். அந்தக் கல்லைச் சுற்றும்போது அவள் ஒரு மாதிரி ஆடுவாள், தோளும் தலையும் சேர்ந்து சுழலும். பார்க்கிற எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வரும். கடைசியில் கிடைத்த மாவை ஒரு வாய் போட்டுப் பார்த்தேன். சுக்கு மணக்கிற எங்கள் ஊர்க் கோயில் இட்லியைக் காயவைத்துப் பொடித்துச் சர்க்கரை தூவினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. இன்னொரு வாய் கேட்டு வாங்கித் தின்றேன்.

நாங்கள் எல்லோரும் குடித்தோம். நைனா குடித்தார், அம்மாகூட ருசி பார்க்கிற சாக்கில் ஒரு டம்ளர் குடித்தாள். அண்ணன் மட்டும் மோந்துகூடப் பார்க்கவில்லை. "கேவுரு குடிச்சவன் எவனாச்சும் டப்பா மேல படமா நின்னிருக்கானா?" என்று கேட்டான்.

அதற்கு மறுநாள் அண்ணி டப்பாவைக் காலி செய்தாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். டப்பாவில் இருந்த தூளை ஒரு மண்பானையில் கொட்டினாள். அதைத் தூர எறிய அவளுக்கு மனம் வரவில்லை, என்ன இருந்தாலும் பால் அல்லவா. தன் மாவை டப்பாவில் நிரப்பினாள். எவ்வளவோ சலித்தும் நிறம் கொஞ்சம் மங்கல்தான். மேலே மட்டும் ஒரு விரற்கடை உயரத்துக்குச் சீமைத் தூளைத் தூவி, கரண்டியைப் பழையபடி புதைத்து, மூடியை அழுத்தினாள். திறந்தால் அதே மணம். இருவரும் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் எனக்கு விலா வலித்தது.

அண்ணன் குடித்தான். குடித்து நாக்கைச் சப்புக் கொட்டினான். மேலாக இருந்த தூள் தீர்ந்து, அடியில் வெறும் மாவு வந்த பிறகு ஒருநாள் சொன்னான், "பாத்தியா, அடிக்குப் போவப் போவதான் சரக்கு எறங்குது. இதத்தான் சயின்ஸுன்றது." அண்ணி முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். டப்பா குறையக் குறைய அவள் நிரப்பினாள். எத்தனை நாள் தின்றாலும் தீராத டப்பாவைப் பற்றி அவனுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. சீமைச் சரக்கு கெட்டியாக அடைத்திருக்கிறான் என்று பாயிடம் பெருமை பேசினான். உடம்பு நிஜமாகவே ஏறிக்கொண்டிருந்தது. சட்டைக் கையில் தையல் விட்டது.

இப்படியே போயிருக்கலாம். பாவு வந்து கெடுத்தது.

பட்டு நூலைத் தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நெடுக்கு இழைகளை, அதாவது பாவை, தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு ஆற்றுவது எங்கள் தெரு வழக்கம். விடியற்காலையிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். கஞ்சிக்கென்று அம்மா பச்சரிசி மாவு வைத்திருப்பாள். எங்கள் வீட்டில் பானைகள் வரிசையாக இருக்கும், எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். அம்மா அரைகுறை வெளிச்சத்தில் கை வைத்தது அண்ணி சீமைத் தூளைக் கொட்டி வைத்திருந்த பானையில். வெள்ளையாக, நைசாக இருந்தது. அவ்வளவையும் எடுத்துக் கஞ்சி காய்ச்சிவிட்டாள்.

நைனா தெருவில் பாவுக்குக் கஞ்சி தெளித்துப் பாதி நீவியதும் கையை மோந்தார்.

"இன்னாடி இது, கஞ்சி பாயசம் மாதிரி மணக்குது?"

அம்மா வந்து மோந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து மோந்தார்கள். வெயில் ஏற ஏற மணமும் ஏறியது. தெருமுழுக்கப் பிஸ்கட் சுட்ட மாதிரி இருந்தது. பிள்ளைகள் வந்து நின்றார்கள். எறும்பு சாரை சாரையாகப் பாவு கட்டின கழிமேல் ஏறியது. ஈ மொய்த்தது. நூல் ஒன்றோடொன்று ஒட்டிக் கயிறாகிக்கொண்டிருந்தது. நாங்கள் எறும்பைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே மறு கோடியில் எதிர்வீட்டு மாடு வந்து, ரொம்ப நிதானமாக, பாவின் ஓரத்தை நக்க ஆரம்பித்தது. நைனா அந்தப் பக்கம் ஓடினால் இந்தப் பக்கம் அதன் கன்று நக்கியது. முகூர்த்தப் புடவைக்கான பாவு அது. அம்மா ஐயோ ஐயோ என்று வாயில் அடித்துக்கொண்டாள். நைனா முதலில் கத்தினார், பிறகு எப்போது என்று தெரியவில்லை, மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

போட்டி நெருங்கியதால் காலையிலும் தண்டால் எடுக்கப் போயிருந்த அண்ணன் அந்த நேரத்துக்குத் தோளில் துண்டோடு தெருமுனையில் திரும்பினான். நின்றான். மூக்கை உறிஞ்சினான். அந்த மணத்தை அவனைவிட நன்றாக அறிந்தவர்கள் காஞ்சிபுரத்தில் யாரும் கிடையாது.

"என் டப்பா!" என்று ஒரு கத்து கத்தினான்.

உள்ளே ஓடி டப்பாவைத் திறந்தான். முழுசாக இருந்தது. கரண்டியால் தோண்டினான். இத்தனை நாளும் சீமைச் சரக்கு என்று அவன் நம்பிக் குடித்த மாவு கேழ்வரகு நிறத்தில் வந்தது. அண்ணி கதவோரம் நின்றாள். மறைக்கவெல்லாம் இல்லை. "எப்பத்துலருந்து?" என்று கேட்டான். "தைலருந்து" என்றாள். அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

போட்டிக்கு அப்போது சில நாட்களே இருந்தன. அவன் தையல்கார டேப்பை எடுத்துப் புஜத்தை அளந்தான். அரை அங்குலம் குறைந்துவிட்டதாம், அந்தக் கால்மணி நேரத்தில். மார்பும் வற்றிப்போனதாம். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டான். சாயங்காலம் பயிற்சிக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. பாய் அவரே வீடு தேடி வந்துவிட்டார்.

"இன்னா பையா, போட்டிய வெச்சிக்கினு படுத்துக்கினு இருக்கிற?"

"பாய், என் உடம்புல ஒண்ணும் இல்ல பாய். வெறும் கேவுரு. கூழு. ஒரு செம்பு தண்ணி தூக்க முடியல."

"அப்டிலாம் ஆவாதுபா."

"நம்ப மாட்டீங்களா? வாங்க, காட்டறேன்" என்று போர்வையை உதறிவிட்டு எழுந்தான். எங்களையெல்லாம் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனான். அங்கே எங்கள் கல்லுரல் கிடந்தது. அதை நகர்த்துவதென்றாலே இரண்டு ஆள் வேண்டும். அண்ணன் குனிந்து அதைக் கட்டிப்பிடித்தான். ஒரு மூச்சு விட்டான். உரலை மார்பு வரை தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பி, "பாருங்க, முடியல பாருங்க! இதக்கூடத் தூக்க முடியல என்னால!" என்று அழாத குறையாகக் கத்தினான்.

பாய்தான் மெதுவாக, "பையா, அதக் கீழ வெச்சிட்டுச் சொல்லு" என்றார்.

அண்ணன் தன் கையைப் பார்த்தான். உரலைப் பார்த்தான். எங்கே வைப்பது என்று தெரியாமல் அதோடு இரண்டடி முன்னே வந்தான், பின்னே போனான். அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நைனா கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். பாய் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். இன்றைக்கு எனக்கு எந்தத் துக்கம் வந்தாலும் அந்த உரலோடு நின்ற அண்ணனை நினைத்துக்கொள்வேன், பாதி குறைந்துவிடும்.

ஆனால் அம்மா சிரிக்கவில்லை. பாவைக் குளத்துக்குக் கொண்டுபோய் அலசி எடுத்து, ஒட்டின இழையைப் பிரித்து மறுபடி கட்டுவதற்குள் அவளுக்கும் நைனாவுக்கும் உயிர் போய்த் திரும்பியிருந்தது. பாய் போனதும் அண்ணியைக் கூப்பிட்டாள்.

"நல்லாக் கேட்டுக்கோ. உன் கைவேலைக்கு இத்தினி நாளும் வாய மூடிக்கினு இருந்தேன். பட்டு மேல வந்துட்டுது இப்ப. இவன் போட்டில மொத பரிசு வாங்கினா, நீ இன்னா வேணாலும் செய்யி, நான் கேக்கல. இல்லன்னா அந்த ஏந்திரம் பரண் மேல போயிடும். சோப்பு, பல்பொடி, மாவு, ஒண்ணும் இந்த வூட்ல செய்யக் கூடாது. எல்லாரும் வாங்கறாங்க இல்ல, அது மாதிரி கடைல வாங்கிக்கணும். சம்மதமா?"

அண்ணி கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "சம்மதம் அத்தை" என்றாள். எனக்குத்தான் திக்கென்றது. மோந்து பார்க்காத, நாக்கில் வைக்காத, ஒற்றைக் கண்ணை மூடாத அண்ணியை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

அண்ணன் பயிற்சிக்குப் போக ஆரம்பித்தான். மாவையும் குடித்தான், ஏதோ அவளுக்கு உபகாரம் செய்கிற முகத்தோடு. உரலைத் தூக்கியதற்கு மட்டும் அவனிடம் விளக்கம் தயாராக இருந்தது. "பழைய டப்பாச் சரக்கு ரத்தத்துல இன்னும் மிச்சம் இருக்குது. அதான் தூக்கினேன்." போட்டியில் உடம்பு மினுமினுக்கப் பூசிக்கொள்ள அவன் ஒரு எண்ணெய்ப் புட்டி வாங்கி வந்தான். அண்ணி அதைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனாள். "இதுல இன்னா..." என்று ஆரம்பித்தவள், அம்மா பார்க்கிற பார்வையைக் கண்டு வாயை மூடிக்கொண்டு புட்டியைத் திருப்பிக் கொடுத்தாள்.

போட்டிக்கு நாங்கள் போகவில்லை. ஜட்டியோடு மேடையில் நிற்கிற ஆண்பிள்ளைகளைப் பார்க்கப் பெண்கள் போவது அந்த நாளில் நடக்கிற காரியமில்லை. அதிலும் பாதிப் பேர் எங்கள் தெருக்காரர்கள், மறுநாள் குழாயடியில் எந்த முகத்தோடு பார்ப்பது? ஆனால் மைதானம் எங்கள் தெருவுக்குப் பின்னால்தான். கோன் ஸ்பீக்கர் ஒன்றை எங்கள் வீட்டுக்கு நேராக விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். நைனா மைதானத்துக்குப் போய்விட்டார். அம்மா, அண்ணி, நான் மூவரும் கொல்லையில் உட்கார்ந்து ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம், அதற்குள் அண்ணன் நிற்கிற மாதிரி.

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். விசில் பறந்தது. அண்ணன் பெயரைச் சொன்னதும் வந்த விசிலில் என் காது அடைத்துக்கொண்டது. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் நடுவர்கள் குசுகுசுத்தார்கள். அதுகூட மைக்கில் கேட்டது. மூன்றாம் பரிசு சொன்னார்கள். பிறகு, இரண்டாம் பரிசு, பிள்ளையார்பாளையம் என்று சொல்லி அண்ணன் பெயரைச் சொன்னார்கள்.

நான் குதித்தேன். குதித்தவள் அண்ணி முகத்தைப் பார்த்துவிட்டு நின்றேன். முதல் பரிசு வாலாஜாபாத் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிற ஒருவருக்குப் போயிற்று.

"உங்க ஊருக்காரன்தான் ஜெயிச்சிருக்கான்" என்றாள் அம்மா. குரலில் குத்தல் இல்லை. ஆனாலும் சொன்னாள்.

அண்ணி எழுந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மூலையில் கிடந்த ஏந்திரத்திடம் போனாள். குச்சியை உருவி வைத்தாள். மேல்கல்லை இரண்டு கையாலும் தூக்கினாள்.

"அண்ணி, இன்னா பண்றீங்க?"

"பரண் மேல வெக்கப் போறேன். பேச்சுன்னா பேச்சுதானேம்மா. ஏணிய எடு."

நான் ஏணியை எடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டாம் பரிசு என்றால் சும்மாவா, அதுகூடப் போதாதா என்று அம்மாவிடம் கத்த வேண்டும்போல் இருந்தது. அம்மா ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்பீக்கரில் இப்போது ஒரு கனத்த குரல். பரிசுக் கோப்பையெல்லாம் வாங்கிக் கொடுத்த மருந்துக்கடை முதலாளி, ஜெயித்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். "தம்பிக்கு அருமையான உடம்பு. என்ன டானிக் சாப்பிடறீங்க தம்பி? நம்ம கடையில கிடைக்கிற சீமைப் பவுடர்தானே? சபையில எல்லாரும் கேக்கட்டும், சொல்லுங்க."

மைக் கீச்சென்றது. அண்ணி கல்லோடு நின்றாள்.

"இல்லீங்க" என்றது அண்ணன் குரல்.

"வேற கம்பெனியா?"

"கம்பெனி இல்லீங்க. எங்க வூட்ல அரைக்கிற மாவுங்க."

கூட்டம் சிரித்தது. முதலாளியும் சிரித்தார். "யாரு, அம்மா அரைக்கிறாங்களா?"

"இல்லீங்க. எங்க வூட்டுக்காரி." அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "டப்பாவக் காலி பண்ணிட்டு எனக்குத் தெரியாம அதத்தான் குடுத்துக்கினு இருந்துது. நான் சீமைச் சரக்குன்னு நெனச்சிக்கினு இருந்தேன். என் உடம்புல இருக்கறது பூரா அது கையால அரைச்சதுங்க."

விசில் வானத்துக்குப் பறந்தது. யாரோ, என்னென்ன போடுகிறார்கள், சொல்லு என்று கீழேயிருந்து கத்தினார்கள். அண்ணன் சொல்ல ஆரம்பித்தான். "கேவுரு மொள கட்டினது. கோதும. வேர்க்கடல. ஒடச்ச கடல. பால சுண்ட வெச்சிக் காயப்போட்டு இடிச்சது. ஏலக்கா..."

"சுக்கு!" என்று எங்கள் அண்ணி ஸ்பீக்கரைப் பார்த்துக் கூவினாள். "சுக்க வுட்டுட்டாரு பாரு! சுக்குங்க!"

"சுக்கு" என்றது ஸ்பீக்கர்.

அண்ணி சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணீர் கன்னத்தில் இறங்கியது, கையில் கல் இருந்ததால் துடைக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே ஏணி இருந்த பக்கம் நடந்தாள்.

அம்மா எழுந்து குறுக்கே போய் நின்றாள்.

"எங்கடி தூக்கிக்கினு போற அத? வறுத்து வெச்ச கேவுர நாளைக்கு யாரு அரைக்கறது, மருந்துக்கடக்காரனா?"

கல்லின் மறு ஓரத்தை அம்மா பிடித்துக்கொண்டாள். இருவருமாக அதைக் கொண்டுவந்து அடிக்கல்லின்மேல் வைத்தார்கள். அம்மா குச்சியைத் தேடி எடுத்துச் செருகி, பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.